பஸ் ஏறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை

சித்தப்பாவுக்கு வலி ஆரம்பித்தது குஞ்சப்பனை தாண்டிய பிறகு. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தார். இடது கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி, ஜன்னலோர சீட், மடியில் சொட்டு மருந்துப் பை. பஸ் வளைந்து வளைந்து ஏற, கண்ணுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாராம். அப்புறம் வாந்தி. மலைப்பாதையில் வாந்தி எடுப்பதெல்லாம் எங்கள் குடும்பத்தில் ஒரு செய்தியே இல்லை. சித்தி எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்திருக்கிறார். அரவேணு வருவதற்குள் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். கண்ணுக்குள் வாயு இருக்கும்வரை வெளிச்சமும் கையசைவும் மட்டும்தான் தெரியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கோத்தகிரியில் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வெளிச்சமும் இல்லை.

மூன்று நாளைக்கு முன்னால் கீழே ஒரு நகரத்தில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. விழித்திரை கழன்றிருந்தது. விட்டிருந்தால் அந்தக் கண் போயிருக்கும், அதில் சந்தேகமில்லை. ‘23 கேஜ் விட்ரெக்டமி’ என்றார்கள். ‘கவுன்சிலர்’ என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த பெண் எங்களை உட்காரவைத்து விளக்கினார். “மூணே மூணு சின்னத் துளைதான் சார். தையல் கிடையாது. ரெண்டாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்.” சித்தப்பா தேயிலை ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். தையல் இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டது நான்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். கடைசிப் பகுதியில் ஒரு வரி, விமானப் பயணத்தைத் தவிர்க்கவும் என்று. அதை நான் தமிழில் படித்துக் காட்டினேன். சித்தப்பா சிரித்தார். “நமக்கு எதுக்குடா ஏரோப்ளேன்? நம்ம ஊருக்கு பஸ்தானே போகுது.” நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது.

*

கண்ணுக்குள் என்ன வைத்திருந்தார்கள் என்பதைப் பார்ப்போம். கழன்ற விழித்திரையை மறுபடி சுவரோடு ஒட்டவைக்க, கண்ணின் உட்குழியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்கிற கூழை வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வாயுவை நிரப்புவார்கள். விழித்திரை கிழிந்த இடத்தில் லேசரால் போட்ட தழும்பு இறுகும்வரை வாயுக்குமிழி அதைத் தாங்கிப் பிடிக்கும். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்றால் சுமார் இரண்டு வாரம் உள்ளே இருக்கும். சித்தப்பாவுக்கு வைத்த பெர்ஃப்ளூரோப்ரோப்பேன் ஆறு முதல் எட்டு வாரம் வரை இருக்கும். அதன்பின் தானாகக் கரைந்து, கண்ணில் ஊறும் நீர் அந்த இடத்தை நிரப்பும். அருமையான ஏற்பாடு. இதைக் கண்டுபிடித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் வாயு வாயுதான். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் அது விரியும். பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதி. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு முன்னூற்றுச் சொச்சம் மீட்டர் மேலே இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். இடையில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அடைபட்ட வாயு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெருக்கப் பார்க்கும். எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே தொளதொளவென்று இருந்த பாக்கெட் மேலே வந்ததும் ஊதிப் புடைத்துக்கொண்டு நிற்கும். கண் பாக்கெட் இல்லை, அதன் சுவர் அப்படி விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்தின் அழுத்தத்தையே அது மிஞ்சிவிடும். ரத்தம் நின்றால் விழித்திரை செத்துப்போக மணிக்கணக்குதான்.

மறுநாள் காலை காரில் கீழே கொண்டுவந்தோம். இறங்க இறங்க வலி குறைந்தது. “பரவாயில்லை, சரியாகுது” என்று சித்தப்பாவே சொன்னார். குமிழி பழைய அளவுக்குச் சுருங்கியதால் வலி குறைந்தது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “சம்மரியில எழுதியிருக்கோமே சார், ஏர் டிராவல் கூடாதுன்னு.”

எழுதியிருந்தார்கள். அதுதான் என் பிரச்சினை.

*

இனி அந்த ‘சின்னத் துளை’க்கு வருகிறேன். அதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

1970ல் அமெரிக்காவின் மயாமியில் ராபர்ட் மாகெமர் என்ற டாக்டர், கண்ணைத் திறந்துபோடாமல் வெள்ளைவிழியில் ஒரு துளை வழியாகவே விட்ரியஸை வெட்டி எடுத்துக் காட்டினார். கருவியைச் சோதிக்க முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்தினார் என்பார்கள். விட்ரியஸ் கிட்டத்தட்ட அந்தப் பதத்தில்தான் இருக்கும். அப்போது வெட்டின் நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். 1974ல் ஓ’மாலியும் ஹைன்ட்ஸும் அதை 0.9 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். அதுதான் 20 கேஜ். கேஜ் எண் கூடக்கூடக் கருவி மெலியும், கம்பிக்கடையில் கேட்டால் சொல்வார்கள். 2002ல் 25 கேஜ், அரை மில்லிமீட்டர். 2005ல் ஜெர்மனியின் எக்கார்ட் கொண்டுவந்த 23 கேஜ், இரண்டுக்கும் நடுவே. 2010ல் ஜப்பானின் ஓஷிமா 27 கேஜ், 0.4 மில்லிமீட்டர்.

இந்த முன்னேற்றம் பொய்யில்லை. தையல் உறுத்தல் போனது, கண் சிவப்பது குறைந்தது, ஆபரேஷன் நேரம் குறைந்தது, தையல் இழுத்துக் கருவிழி வளைவதும் குறைந்தது. ஆனால் இதெல்லாம் வாசலைப் பற்றிய செய்தி. வீட்டுக்குள் நடக்கிற வேலை மாறவில்லை. 20 கேஜில் போனாலும் 27 கேஜில் போனாலும் உள்ளே வெட்டப்படுவது அதே விட்ரியஸ், தொடப்படுவது அதே விழித்திரை, நிரப்பப்படுவது அதே வாயு அல்லது அதே எண்ணெய். ஆஸ்பத்திரி விளம்பரப் பலகை வாசலின் அகலத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. நாமும் வாசல் சின்னது என்றால் வேலையும் சின்னது என்று எடுத்துக்கொள்கிறோம்.

துளை சிறிதானதால் சிக்கல்கள் எல்லாம் குறைந்துவிட்டனவா? தையல் போடாத துளை கசியலாம். கசிந்தால் முதல் நாட்களில் கண் அழுத்தம் தாழ்ந்து கண் குழைந்துபோகும். உள்ளே இருப்பது வெளியே கசிய முடியும் என்றால் வெளியே இருக்கும் கிருமி உள்ளே போகவும் முடியும். 2007ல் பிலடெல்ஃபியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 20 கேஜில் 5,498 ஆபரேஷன்களில் ஒரே ஒரு கண்ணில் உட்கண் சீழ்த்தொற்று. 25 கேஜில் 3,103ல் ஏழு. பன்னிரண்டு மடங்கு. அடுத்த வருடம் இன்னோர் ஆய்வு இதைவிட மோசமான வித்தியாசத்தைக் காட்டியது. கண் டாக்டர்களின் உலகம் அதிர்ந்தது, ஆனால் மறைக்கவில்லை. துளையை நேராகப் போடாமல் சாய்வாகப் போட்டார்கள், கசிகிறதா என்று பார்த்து, கசிந்தால் கௌரவம் பார்க்காமல் ஒரு தையல் போட்டார்கள், கிருமிநீக்கத்தில் கவனத்தைக் கூட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகவே சொல்கிறேன். ஒரு துறை தன் தப்பை எண்ணிக்கையோடு அச்சிட்டுத் திருத்திக்கொள்வது சாதாரண விஷயமில்லை. என் கேள்வி வேறு. தங்களுக்குள் இவ்வளவு நேர்மையாகப் பேசிக்கொள்கிறவர்கள், எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசும்போது மட்டும் ஏன் விளம்பரப் பலகையின் மொழிக்குப் போய்விடுகிறார்கள்?

*

ஒன்றைக் கவனியுங்கள். பெரிய துளை போட்ட காலத்தில் நோயாளி நாலைந்து நாள் வார்டில் கிடந்தார். வலித்தால் நர்ஸ் வருவார், அழுத்தம் ஏறினால் டியூட்டி டாக்டர் பார்ப்பார். துளை சிறிதானது, மறுநாளோ அதற்கு மறுநாளோ பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். சிக்கல்கள் ஒழிந்துவிடவில்லை, வார்டிலிருந்து வீட்டுக்கு இடம் மாறியிருக்கின்றன. எங்கள் விஷயத்தில் பஸ்ஸுக்கு. ஆனால் அவற்றை இன்னதென்று கண்டுகொள்ளும் அறிவை யாரும் வீட்டுக்கு அனுப்பிவைக்கவில்லை. அது வார்டிலேயே தங்கிவிட்டது. வலியும் வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் என்று ஒரு நர்ஸுக்குத் தெரியும். என் சித்திக்கு எலுமிச்சம்பழம்தான் தெரியும். அது சித்தியின் தப்பா?

இடம் மாறிய சிக்கல்கள் இன்னும் இருக்கின்றன. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு விட்ரெக்டமி செய்தால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் கண்புரை முற்றிவிடும். பிராணவாயு லென்ஸை அதிகம் எட்டாமல் விட்ரியஸ் தடுத்துவந்தது, அது போனபின் லென்ஸ் சீக்கிரம் பழுக்கிறது என்பதே இப்போது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதைச் ‘சிக்கல்’ என்று சொல்வதே தப்பு. பெரும்பாலானவர்களுக்கு நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்று சிக்கல் இல்லை, அடுத்த தவணை. அந்தத் தவணையைப் பற்றி முதல் நாளே எத்தனை பேரிடம் சொல்கிறார்கள்? கழன்ற விழித்திரை ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதல் ஆபரேஷனில் ஒட்டி நிற்காது. தழும்புச் சவ்வு வளர்ந்து மறுபடி இழுத்துவிடும். அதையும் சொல்வதில்லை. ஆகவே இரண்டாவது ஆபரேஷன் என்றதும் குடும்பம் “ஏமாத்திட்டாங்க” என்கிறது. டாக்டர் ஏமாற்றவில்லை. ஆனால் ஏமாற்றமில்லை என்று நம்பவைக்கும் ஒரே வாய்ப்பை அவர் முதல் நாளே கோட்டைவிட்டுவிட்டார்.

சிலிகோன் எண்ணெய் வைத்தவர்கள் கதை இன்னும் மோசம். வாயு தானாகக் கரையும், எண்ணெய் கரையாது. பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னோர் ஆபரேஷன் செய்து எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டால் அது பொடிப்பொடித் துளிகளாக உடைந்து முன்னறைக்கு வந்து, கண்நீர் வடியும் சல்லடையை அடைக்கும். அழுத்தம் ஏறி பார்வை நரம்பு பட்டுப்போகும். இதில் கொடுமை, வலியே இல்லாமல் இது நடக்க முடியும். கூலி வேலைக்குப் போகிற ஒருவர் “இப்போ கொஞ்சம் தெரியுதே, அடுத்த போகம் முடியட்டும், போய்க்கலாம்” என்று இருந்துவிடுவது இயல்பு. கண்ணில் எண்ணெய் ‘வைத்திருக்கிறோம்’ என்று சொன்னவர்கள், அதை ‘எடுக்காவிட்டால் கண் போகும்’ என்று சொன்னார்களா? எடுப்பதற்கு எவ்வளவு ஆகும் என்று முதல் பில்லிலேயே சொன்னார்களா?

இன்னொரு ஆபத்தும் வீட்டோடு வருகிறது. கண்ணில் வாயு இருக்கும் நாட்களில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தால் வேறோர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பார்கள். அதில் நைட்ரஸ் ஆக்ஸைடு இருந்தால் அது நேராகப் போய் கண்ணிலிருக்கும் குமிழிக்குள் புகுந்து அதை ஊதிவிடும். எலும்பு டாக்டருக்குக் கண்ணில் வாயு இருப்பது எப்படித் தெரியும்? இதற்காகவே நோயாளியின் மணிக்கட்டில் எச்சரிக்கைப் பட்டை கட்டிவிடும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. பட்டைக்கு என்ன பெரிய விலை இருந்துவிடப்போகிறது?

*

எதிர்வாதம் எனக்குத் தெரியும். என் நண்பர்களில் டாக்டர்கள் உண்டு, அவர்களோடு சண்டையும் போட்டாயிற்று.

முதலாவது, “எல்லாத்தையும் சொன்னா பயந்து ஓடிடுவாங்க, குருடாகிடுவாங்க.” பயம் நிஜம்தான். ஆனால் வாயு வைத்த கண்ணோடு மலை ஏறக்கூடாது என்று ஆபரேஷன் முடிந்தபின் சொன்னால் யார் ஓடப்போகிறார்கள்? எங்கே ஓடுவார்கள்? கண்ணில் கட்டோடா? ஆபரேஷனுக்கு முன் சொல்வதற்கும் பின் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்னால் சொல்லாததற்குப் ‘பயமுறுத்தக்கூடாது’ என்பது காரணமே இல்லை.

இரண்டாவது, “ஒரு நாளைக்கு இத்தனை நோயாளி, யாருக்கு நேரம்?” இதை நான் மதிக்கிறேன். இந்த மண்ணில் கண் மருத்துவம் சும்மா வளரவில்லை. எழும்பூரில் இப்போது இருக்கும் கண் ஆஸ்பத்திரி 1819ல் தொடங்கப்பட்டது. மதுரையில் 1976ல் டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தது உலகமே வந்து படித்துப் போகிற இடமானது. கூட்டத்தைச் சமாளிப்பதில் நம் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. அந்தத் திறமையில் நூறில் ஒரு பங்கை ஒரு துண்டுச் சீட்டுக்குச் செலவழித்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது, “சட்டப்படி எழுதிக் கொடுத்துட்டோம்.” இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் என்று ஒரு வழக்கு, 1992ல் தீர்ப்பானது. சின்ன வயதிலேயே வலது கண் கெட்டுப்போன பெண். அந்தக் கண்ணில் ஆபரேஷன் செய்யப்போய், அரிய எதிர்வினையால் நன்றாயிருந்த இடது கண்ணும் போய்விட்டது. பதினாலாயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய அந்த ஆபத்தை டாக்டர் முன்கூட்டிச் சொல்லவில்லை. எத்தனையில் ஒன்று என்பது மட்டும் கணக்கில்லை, இந்த நோயாளிக்கு அது முக்கியமா என்று பார்த்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒற்றைக் கண்ணோடு வாழ்கிறவளுக்கு அது எப்படி முக்கியமில்லாமல் போகும்? நம் உச்ச நீதிமன்றம் 2008ல் சமீரா கோலி வழக்கில் அவ்வளவு தூரம் போகவில்லை. எட்டாத ஆபத்துகளையெல்லாம் பட்டியலிட வேண்டியதில்லை என்றுதான் சொன்னது. ஆனால் சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதே சம்மதம் என்று அதுவும் சொன்னது. கோத்தகிரிக்காரர் கண்ணில் வாயுவை நிரப்பி கோத்தகிரிக்கே அனுப்புவது பதினாலாயிரத்தில் ஒன்றா, எட்டாத ஆபத்தா? எங்கே போகிறார் என்று தெரிந்திருந்தால் முதல் வருட மாணவனே கையைப் பிடித்து நிறுத்தியிருப்பான். யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. முகவரி கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருந்தது.

‘விமானப் பயணம் தவிர்க்கவும்’ என்ற வரி எங்கோ விமானத்தில் போய்வருகிறவர்களுக்காக எழுதப்பட்டு, அப்படியே இறக்குமதியாகி, நீலகிரி பஸ்ஸில் போகிறவர் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஊட்டியும் கொடைக்கானலும் வால்பாறையும் ஏற்காடும் இருக்கிற ஊரில் அந்த வரியைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. அந்த வரி சித்தப்பாவைக் காப்பாற்ற எழுதப்பட்டதில்லை, ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற எழுதப்பட்டது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது.

*

ஆஸ்பத்திரியை மட்டும் திட்டிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. கவுன்சிலர் பெண் பேச ஆரம்பித்தபோது, “அவர்கிட்ட ரொம்ப டீட்டெயிலா சொல்லாதீங்க மேடம், டென்ஷன் ஆயிடுவார்” என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான். நம் வீடுகளில் இது பாசம். நோயாளியிடமிருந்து நோயைப் பிடுங்கி, மகனோ மருமகனோ அண்ணன் பிள்ளையோ கையில் வைத்துக்கொள்வது. கண் அவருடையது, கையெழுத்து என்னுடையது. அவரிடம் நேராகப் பேசியிருந்தால் அவரே கேட்டிருக்கலாம். நாற்பது வருடம் ஃபாக்டரியில் கொதிகலனோடும் காற்றழுத்தத்தோடும் வேலை பார்த்தவர். “ஏரோப்ளேன் ஏன் கூடாது?” என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டிருந்தால் அடுத்த விஷயம் அவருக்கே விளங்கியிருக்கும். அந்தக் கேள்வியை நானும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்காமல் சிரித்தேன்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள், கோரிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தமிழில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு தாள். உங்கள் கண்ணில் இருப்பது வாயுவா, எண்ணெயா. வாயு என்றால் எந்தத் தேதிவரை மலை ஏறக்கூடாது, விமானம் ஏறக்கூடாது, வேறு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும். எண்ணெய் என்றால் எந்த மாதம் எடுக்க வேண்டும், எவ்வளவு ஆகும். வலி, சிவப்பு, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கிற ஒரு போன் நம்பர். அவ்வளவுதான். இதைக் கவுன்சிலர் படித்துக் காட்டி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்ல வைப்பதுபோல. மலையூர்க்காரர் என்றால் குமிழி கரையும்வரை கீழே தங்க என்ன வழி என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே பேச வேண்டும். ஆறு வாரம் தங்கச் சொந்தக்காரர் வீடு இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் கரையும் வாயுவோ வேறு முறையோ பொருந்துமா என்று யோசிப்பதும் மருத்துவம்தான்.

சித்தப்பா இப்போது ஒற்றைக் கண்ணோடு பழகிவிட்டார். டம்ளரில் காபி ஊற்றும்போது மட்டும் கொஞ்சம் வெளியே சிந்தும். யாரையும் திட்டுவதில்லை, என்னையும். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு, தானே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“டாக்டர் கேட்கலைன்னாலும் நீயே சொல்லிடு, ‘எங்க வீடு மலை மேல இருக்கு’ன்னு.”